பாஞ்சாலங்குறிச்சியை மேசையில் ஆடிப் பார்ப்பது: ஈட்டி, மண்மதில், விதிகள்

வாசகர் கேள்வி:
"காலனியக் காலத்துச் சண்டைகளை வைத்து, சின்னப் பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்தி ஆடும் மினியேச்சர் ஆட்டங்கள் சிலவற்றை ஆடிப் பார்த்தேன். ஒரு பக்கம் சீருடைப் படை. அது சுடும், அணிவகுக்கும், பின்வாங்கும், யோசிக்கும். மறுபக்கம் கத்திக்கொண்டு ஓடிவரும் கூட்டம். பாளையக்காரர் போரை இந்த விதிகளில் ஆடவே முடியாது என்பது என் கருத்து. யாராவது முயன்றதுண்டா?"

ஜனவரி 6

முயன்றுகொண்டிருக்கிறோம், நானும் என் நண்பனும். 28 மில்லிமீட்டர் பொம்மைகள், ஆறுக்கு நாலு அடி மேசை, தெர்மாகோலில் செய்து மண் பூசிய கோட்டை.

எடுத்துக்கொண்ட நாள் 1801 மார்ச் 31. 1799இல் கும்பினித் (கிழக்கிந்தியக் கம்பெனி) தளபதி பானர்மன் வந்தது, கட்டபொம்மன் தப்பியது, புதுக்கோட்டைத் தொண்டைமான் பிடித்துக் கொடுத்தது, அக்டோபர் 16 கயத்தாறு, இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்குப் பிறகு நடந்ததுதான் ஆட்டத்துக்குச் சுவையானது. 1801 பிப்ரவரி 2 அன்று கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் மற்றவர்களும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்புகிறார்கள். ஒரு வாரம் கழித்துக் கும்பினி அதிகாரி மெக்காலே படையோடு போய்ப் பார்த்தால், இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டை மறுபடி நிற்கிறது. அவரிடம் பெரிய பீரங்கி இல்லை, திரும்பிப் போகிறார். மறுபடி ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்து மார்ச் 31 அன்று மதிலை உடைத்து ஏறுகிறார். ஏறியவர்கள் உள்ளே இறங்க முடியாமல் பெரிய இழப்போடு திரும்புகிறார்கள். மே 24 அன்று, இன்னொரு கும்பினி அதிகாரி அக்னியூ கூடுதல் படையும் பீரங்கியும் கொண்டுவந்த பிறகுதான் கோட்டை விழுகிறது.

அதே கோட்டை, அதே மனிதர்கள். மார்ச்சில் ஒரு முடிவு, மே மாதத்தில் வேறு முடிவு. இரண்டும் ஒரே விதியில் வர வேண்டும் என்பதுதான் எங்கள் சோதனை.

ஜனவரி 9

முதலில் எதையும் மாற்றாமல் பொதுவாகப் புழங்கும் விதிகளில் ஆடினோம். நண்பன் பாளையக்காரர், நான் கும்பினி. அந்த விதிகளில் 'பழங்குடிப் படை' என்று ஒரு வகை உண்டு. எதிரி 12 இன்ச்சுக்குள் வந்தால் அது கட்டாயம் பாய்ந்தே ஆக வேண்டும். நான் ஒரு சிப்பாய் யூனிட்டை வேலிக்கு அந்தப் பக்கம் நடத்திக்கொண்டு போனேன், அவ்வளவுதான், மதிலுக்குப் பின்னால் பத்திரமாக நின்ற அவன் ஆட்கள் எல்லாரும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து என் துப்பாக்கி முன்னால் நின்றார்கள். "மாப்ள, நான் எதுக்குடா கோட்டையை விட்டு வெளிய வரணும்? இதைக் கட்டினதே நான்தானே" என்று அவன் கேட்டதற்கு விதிப் புத்தகத்தில் பதில் இல்லை.

வாசகர் சொன்னது இந்த இடத்தில் முழுக்கச் சரி. அவனுக்குப் பகடை உருட்டுவதைத் தவிர வேலையே இல்லை. அந்த வரியை அன்றே அடித்துவிட்டோம்.

ஆனால் 'ஆடவே முடியாது' என்பதை நான் ஏற்கவில்லை. தவறு அந்த வரியில்தான் இருக்கிறது, மேசையில் இல்லை.

ஜனவரி 10

கோட்டை அளவைப் பலர் கேட்டிருக்கிறீர்கள். கால்டுவெல் தருவது: ஏறக்குறைய 500 அடி நீளம், 300 அடி அகலம், ஒழுங்கில்லாத நீள்சதுரம். முழுக்க மண். மதில் சுமார் 12 அடி உயரம், சிறிய சதுரக் கொத்தளங்கள் (மதிலிலிருந்து துருத்திய காவல் மேடைகள்), சுற்றிலும் அடர்ந்த முள்வேலி. அகழி கிடையாது.

நாங்கள் 1 இன்ச்சுக்கு 10 கெஜம் என்று வைத்தோம். கோட்டை 17க்கு 10 இன்ச் வருகிறது, மேசையில் அழகாக உட்காருகிறது. ஒரு பொம்மை 20 பேர்.

ஜனவரி 16

இதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், இங்கேதான் எங்களுக்கு விஷயம் பிடிபட்டது.

கட்டாயப் பாய்ச்சலை எடுத்த பிறகு மறுபடி ஆடினோம். இந்த முறை நண்பன் கும்பினி. சுட்டான், மதிலை உடைத்தான், ஏறினான், துப்பாக்கி முனையில் செருகிய கத்திக்குக் கைகலப்பில் ஒரு புள்ளி கூடுதல் என்று விதி சொல்கிறது, ஏறிய சூட்டில் உள்ளே இறங்கிவிட்டான். மார்ச் 31 நடக்கவே இல்லை. வழக்கமாக இதற்கு மருந்தாக உள்ளூர்ப் படைக்கு 'வெறி' என்று ஒரு புள்ளி கூட்டுவார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. கும்பினி தோற்ற இடத்திலெல்லாம் எதிரிக்கு வெறி, ஜெயித்த இடத்திலெல்லாம் இவர்களுக்கு ஒழுங்கு என்று எழுதினால் அது விளக்கமே இல்லை. மதிலுக்குப் பின்னால் நின்றவர்கள் யோசித்துச் செய்த ஒரு வேலையை வெறி என்று சொல்லி மூடுவது அது.

அப்படி என்ன செய்தார்கள்? அந்தச் சண்டையில் இருந்த கும்பினி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் இரண்டு தகவல் இருக்கிறது. ஒன்று, உள்ளே இருந்தவர்களின் ஈட்டி 18 முதல் 20 அடி நீளம். இரண்டு, கொத்தளம் உள்பக்கம் புரையாக, அதாவது வெற்றாக, இருந்தது. மேலே ஏறியவனுக்குக் கால் வைத்து நிற்க இடமில்லை, கீழே ஈட்டிக்காரர்கள் கூட்டமாக நிற்கிறார்கள்.

இதை நாங்கள் பலமுறை படித்திருக்கிறோம். பொம்மைக்கு ஈட்டி வெட்டும்போதுதான் உறைத்தது. தரைத் தூரத்துக்கு வைத்த அளவு வேறு, உயரத்துக்குப் பொம்மை அளவுதான். எங்கள் பொம்மை அளவில் ஒரு அடி ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். மதில் 12 அடி, அதாவது 60 மில்லிமீட்டர். ஈட்டி 18 அடி, 90 மில்லிமீட்டர். பித்தளைக் கம்பியை வெட்டிப் பொம்மையின் கையில் ஒட்டி மதிலுக்கு உள்ளே தரையில் நிறுத்தினோம். ஈட்டிமுனை மதிலுக்கு மேலே எட்டிப் பார்க்கிறது. உள்ளே தரையில் நிற்பவன் மேலே நிற்பவனைக் குத்தலாம். மேலே நிற்பவன் துப்பாக்கிக் கத்தியை நீட்டினால் காற்றைத்தான் குத்துவான். வெளியிலிருந்து சுடும் குண்டும் கீழே நிற்பவனைத் தொடாது, நடுவில் மதில் இருக்கிறது.

நண்பன் தலையைக் குனிந்து மேசை மட்டத்தில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு புள்ளியே வேண்டாம்டா, பொம்மை தானா சொல்லுது" என்றான்.

ஜனவரி 17

ஆகவே விதி இப்படி ஆனது. உடைப்பின் உச்சியில் ஒரே நேரத்தில் நான்கு பொம்மைகள்தான் நிற்க முடியும். உள்ளே இருக்கும் ஈட்டிக்காரர்கள் இரண்டு வரிசை, எட்டுப் பேர் வரை, முதலில் குத்துவார்கள். ஆளுக்கு ஒரு பகடை, 4 அல்லது மேல் விழுந்தால் அடி. எட்டுப் பகடையில் சராசரி நான்கு அடி. உச்சியில் நிற்பதும் நான்கு பேர். ஒவ்வொரு சுற்றிலும் உச்சி கிட்டத்தட்டக் காலியாகிறது. யாருக்கும் வெறி இல்லை, வீரப் புள்ளி இல்லை.

மன உறுதி விதியில் நேர்மாறான ஒரு மாற்றமும் செய்தோம். புத்தகப்படி கால்வாசி ஆள் விழுந்தால் யூனிட் ஓடிவிடும். உடைப்பில் அப்படி வைத்தால் முதல் சுற்றிலேயே சண்டை முடிகிறது. மார்ச் 31இல் அப்படி நடக்கவில்லை, ஏறியவர்கள் விழ விழ அடுத்தவர்கள் ஏறினார்கள். அதனால் கும்பினிப் பக்கத்துக்கு மன உறுதியைக் கூட்டினோம். எதிரே நின்றவனைக் குறைத்துக் காட்டி நம் பக்கத்தைப் பெரிதாக்கும் ஆட்டமும் எனக்கு வேண்டாம்.

ஜனவரி 19

"அப்படியானால் மே 24 எப்படி வரும்?" என்று கேட்டவருக்கு.

பீரங்கியால். மண்மதில் கல்மதில் மாதிரி சில்லுச் சில்லாக உடையாது, குண்டை உள்வாங்கிக்கொள்ளும். அதனால் உடைப்புக்கு 'உயரம் 6' என்று ஒரு எண் வைத்தோம். சிறு பீரங்கி 6 விழுந்தால்தான் ஒன்று குறையும், பெரியதற்கு 4 அல்லது மேல் போதும். உயரம் 2க்கு வந்துவிட்டால் உச்சி என்று ஒன்றே இல்லை, சரிவுதான். அங்கே ஈட்டி முதலில் குத்தும் சலுகை கிடையாது, சமமான கைகலப்பு.

இரண்டு சிறு பீரங்கி, ஆறு சுற்று: சராசரியாக இரண்டு குறையும், உயரம் 4இல் நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஏறலாம் போலத் தெரியும், ஏறினால் மார்ச் 31. நான்கு பெரிய பீரங்கி, அதே ஆறு சுற்று: உயரம் தரைமட்டம். கும்பினி மெதுவாக நடந்தே உள்ளே வரலாம். ஒரே விதி, இரண்டு முடிவு. அன்று எங்களுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

ஜனவரி 25

ஒரு சிக்கல். நண்பனுக்கு இப்போது விதி தெரியும். உயரம் 4 இருக்கும்போது அவன் ஏறவே மாட்டேன் என்கிறான். சுட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான். மெக்காலேவுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதே!

இதற்குப் பழைய வழி நடுவர். 1824இல் பிரஷ்யப் படையில் ரைஸ்விட்ஸ் கொண்டுவந்த போர் ஆட்டத்திலேயே நடுவர்தான் எல்லாம், ஆடுபவருக்கு எது தெரியலாம் என்பதை அவர்தான் முடிவு செய்வார். எங்களிடம் மூன்றாவது ஆள் இல்லை.

ஜனவரி 28

சீட்டு வைத்துத் தீர்த்தோம். கோட்டைக்காரர் ஆட்டம் தொடங்கும் முன் ஒவ்வொரு கொத்தளத்துக்கும் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். 'புரைக் கொத்தளம்', 'உள்ளே இரண்டாவது அரண்', 'ஒன்றுமில்லை' என்று மூன்று வகை. புரை இருந்தால்தான் ஈட்டிக்கு முதல் குத்து. முதல் பொம்மை உச்சியில் கால் வைக்கும்போதுதான் சீட்டைத் திருப்ப வேண்டும். இரவில் ஆட்களை அனுப்பி ஒரு சீட்டை மாற்றவும் செய்யலாம், ஆனால் அந்த ஆட்கள் மறுநாள் வேறு வேலை செய்ய முடியாது.

இப்போது கோட்டைப் பக்கம் ஆடுபவருக்கு நிறைய வேலை. எதை எங்கே வைப்பது, எதைக் காட்டிக்கொடுப்பது, உடைந்த மண்ணை இரவில் அடைப்பதா ஈட்டிக்காரர்களைத் தூங்கவிடுவதா. வாசகரின் முதல் கேள்விக்கு இதைத்தான் பதிலாகச் சொல்வேன். ஒரு பக்கத்துக்கு முடிவெடுக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டால் அது கூட்டமாக இருப்பதை நிறுத்திவிடும்.

பிப்ரவரி 2

வளரி.

எறிந்து தாக்கும் வளைந்த ஆயுதம். எல்லோரும் கேட்கிறீர்கள், எனக்கும் ஆசை. சிவகங்கைச் சின்ன மருதுதான் தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தார் என்று வெல்ஷ் எழுதுகிறார், தேர்ந்த கையில் அது 100 கெஜத்துக்குள் எந்தத் தூரத்திலும் குறி தவறாது என்கிறார். எங்கள் அளவில் 10 இன்ச். துப்பாக்கிக்கும் நாங்கள் 10 இன்ச்தான் வைத்திருக்கிறோம்! அந்தக் கால வழவழப்புக் குழல் துப்பாக்கி அதைத் தாண்டிக் குறி பார்த்துச் சுடும் ஆயுதமில்லை.

அப்படியே விட்டால் என்ன ஆகும் என்று பார்த்தோம். வளரிக்காரர்கள் பீரங்கிக்காரர்களைத் தீர்த்துவிட்டார்கள், உயரம் குறையவே இல்லை, நண்பன் மேசையை விட்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். 'தேர்ந்த கை' என்ற சொல்லுக்கு மரியாதை கொடுத்து யூனிட்டுக்கு ஒரே ஒரு வளரிக்காரர் என்று குறைத்தோம். இரண்டு வீச்சு, அதற்கு மேல் கையிருப்பு இல்லை. திரும்பி வருமே என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆள்மீது பட்ட வளரி திரும்பி வராது, சண்டை நடுவில் போய் எடுத்துவரவும் முடியாது.

பிப்ரவரி 3

வளரி பற்றி யோசித்ததில் இன்னொன்று. வெல்ஷின் அந்த வரி சிவகங்கைச் சீமைக்கு உரியது. பாஞ்சாலங்குறிச்சி மேசையில் ஈட்டிதான் நாயகன், அதை மங்கவைக்க வேண்டாம். வளரியைக் காளையார்கோவில் ஆட்டத்துக்கு மாற்றிவிட்டேன். நண்பனுக்கு வருத்தம், இரண்டு பொம்மைக்கு வளரி செதுக்கி முடித்திருந்தான். அவை காத்திருக்கட்டும்.

பிப்ரவரி 4

காளையார்கோவில் என்றதும் எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட்டீர்கள், சரி, கொஞ்சம் சொல்கிறேன். சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போடக் கும்பினி முயன்றது. 1801 ஜூலை கடைசியில் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் வெட்டியும் முடியாமல் கைவிட்டார்கள். பிறகு வேறு வழியாக அக்டோபர் 1 அன்று நுழைந்தார்கள். மருது சகோதரர்களை அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள்.

மரம் வெட்டுவதை ஆட்டமாக்கினால் தூக்கம் வரும் என்பது நண்பன் கருத்து. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு சுற்றில் 2 இன்ச் பாதை, அதற்குக் காவல் வேண்டும், பின்னால் வெட்டிய பாதைக்கும் காவல் வேண்டும், நீளம் கூடக் கூட ஆள் போதாது. மருது பக்கம் ஆடுபவர் பொம்மை வைக்கவே வேண்டாம், தாளில் இடத்தைக் குறித்துக்கொண்டால் போதும். இதைத் தனி இழையாகத் தொடங்குவோம், இங்கே பாஞ்சாலங்குறிச்சி முடியட்டும்.

பிப்ரவரி 11

பொம்மைகளுக்கு வண்ணம் பூசும்போது வந்த எண்ணம்.

இந்த வகை ஆட்டங்களின் பெட்டியில் ஒரு பக்கம் வெள்ளை முகம், மறுபக்கம் கறுத்த முகம். எங்கள் மேசையில் கும்பினிப் பக்கத்தை அடுக்கிப் பார்த்தால் பெரும்பாலான முகங்களுக்கு ஒரே வண்ணக் குப்பிதான் திறக்கிறேன். சிவப்புக் கோட்டுச் சிப்பாய்கள் சென்னை ராஜதானிக்காரர்கள். கூடவே கும்பினியோடு சேர்ந்து நின்ற பக்கத்துப் பாளையமான எட்டயபுரத்துப் படை. ஈட்டிக்காரனுக்கும் சிப்பாய்க்கும் ஊர் பக்கத்துப் பக்கத்து ஊராகக்கூட இருந்திருக்கும். 'உள்ளூர்ப் படை' என்ற தலைப்பே விதித்தாளில் பொருளில்லாமல் போகிறது. நாங்கள் 'கோட்டைப் பக்கம்', 'கும்பினிப் பக்கம்' என்று மாற்றிவிட்டோம். ஆட்டத்தில் எண் எதுவும் மாறவில்லை, ஆனால் மாற்றிய பிறகு நாங்கள் பேசும் விதம் மாறியது.

எட்டயபுரத்தை என்ன செய்வது என்பது இன்னும் முடியவில்லை. கும்பினிக்குக் கீழே ஒரு யூனிட்டாக வைத்தால் அவர்களுக்கென்று ஒரு கணக்கு இருந்தது மறைந்துவிடும். மூன்றாவது ஆடுபவராக்கினால் நன்றாக இருக்கும். எங்களுக்கு மூன்றாவது ஆள் கிடைக்கட்டும்.

பிப்ரவரி 12

"கும்பினியாக ஆட மனசு வருமா?" என்று ஒருவர்.

நண்பனுக்கு முதலில் வரவில்லை. பிறகு அவனே சொன்னது: யாராவது ஒருவர் நேர்மையாகக் கும்பினியாக ஆடினால்தான் ஈட்டிக்காரர் செய்தது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும். அரைமனதாக ஆடினால் இரண்டு பக்கத்துக்கும் அவமானம். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் ஒன்றில் உறுதியாக இருக்கிறோம், தூக்கு மேடைக்குப் புள்ளி கிடையாது. தலைவரைப் பிடித்தால் இத்தனை புள்ளி என்று பல ஆட்டங்களில் வரும், எங்கள் தாளில் வராது. கோட்டை யாரிடம், எத்தனை சுற்று, யார் தப்பினார் என்பது மட்டும்தான் கணக்கு.

பிப்ரவரி 20

மே 24 ஆட்டத்தில் ஒரு குறை. மதில் விழுந்ததும் கோட்டைப் பக்கம் ஆடுபவருக்கு ஆட்டம் முடிந்துவிடுகிறது. உண்மையில் அப்படி இல்லை. கோட்டை போனதும் உள்ளே இருந்தவர்கள் சிதறி ஓடாமல் நெருக்கமாக அணிகட்டி வெளியேறினார்கள், குதிரைப்படை அவர்கள்மீது விழுந்தது. ஊமைத்துரை காயத்தோடு தப்பினார். அதற்குப் பிறகும் போர் தொடர்ந்தது, நவம்பர் 16ஆம் தேதிதான் அவரைப் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிட்டார்கள்.

ஆக, வெளியேறுவதுதான் இரண்டாம் பாதி. ஈட்டிக்காரர்கள் ஒட்டி நின்றால் குதிரை உள்ளே புக முடியாது, ஆனால் ஒரு சுற்றுக்கு 3 இன்ச்தான் நகர முடியும். பிரிந்து ஓடினால் 8 இன்ச், குதிரை வெட்டித் தள்ளும். மேசை விளிம்பு 30 இன்ச் தூரத்தில். ஒட்டியே போனால் பத்துச் சுற்று, அதற்குள் கும்பினியின் காலாட்படையும் வந்து சுடத் தொடங்கிவிடும். எங்கே அணியைக் கலைப்பது என்று ஒவ்வொரு சுற்றும் வயிற்றைக் கலக்குகிறது. முதல் பாதியைவிட இது எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது.

பிப்ரவரி 21

அந்தக் கதையையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். காயம்பட்டுக் கிடந்த மகனைத் தேடிப் போன ஒரு தாயிடம், என்னை விடு, சாமியை (ஊமைத்துரையை) காப்பாற்று என்று மகன் சொன்னது. பெண்கள் ஊமைத்துரையைத் தூக்கிப்போய்த் துணியால் மூடி, அம்மையில் செத்துவிட்டார் என்று அழுதது. துரத்திவந்தவர்கள் அம்மைக்குப் பயந்து ஓடியது. இதையும் எழுதிவைத்தவர் வெல்ஷ்தான்.

பகடையில் 5 விழுந்தால் தப்பினார் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அந்தப் பெண்கள் செய்தது அதிர்ஷ்டம் இல்லையே. நண்பன் யோசனை: மேசையில் மூன்று குடிசை, கோட்டைப் பக்கம் ஆடுபவர் ஒன்றை ரகசியமாகத் தேர்ந்தெடுப்பார். துரத்துபவர் ஒரு குடிசையைச் சோதிக்க வந்தால், 'அம்மை' என்று சொல்லலாம். உண்மையாகவும் சொல்லலாம், வெறும் மிரட்டலாகவும் சொல்லலாம். உள்ளே போகத் துணிந்தால் போகலாம், ஆனால் அந்த யூனிட் மீதி ஆட்டத்துக்கு இல்லை. இப்போது முடிவு எதிராளியின் கண்ணைப் பார்த்து எடுப்பது. இது வேலை செய்கிறது.

மார்ச் 1

விதித்தாள் இரண்டு பக்கத்துக்குள் வந்துவிட்டது. முள்வேலியைக் கடக்க ஒரு முழுச் சுற்று, ஈட்டிப் பொம்மைக்குக் கம்பி 90 மில்லிமீட்டருக்குக் குறையாமல், மற்றவை மேலே எழுதியபடி. கம்பி மெல்லியதாக இருந்தால் வளையும், 0.8 மில்லிமீட்டர் பித்தளை நிற்கிறது.

ஆடிப் பார்க்கிறவர்கள் ஒன்றைச் சோதித்துச் சொல்லுங்கள். உடைப்பின் அகலத்தை நான்கு பொம்மையிலிருந்து ஆறாக்கினால் எட்டு ஈட்டி தாக்குப்பிடிக்கிறதா? எங்கள் கணக்குப்படி உச்சியில் சுற்றுக்கு இரண்டு பேர் மிஞ்சுவார்கள், அவர்கள் உள்ளே குதித்தால் கதை மாறும். நண்பன் பன்னிரண்டு ஈட்டி கேட்கிறான். நான் மூன்றாவது வரிசைக்கு 20 அடி ஈட்டியும் எட்டாது என்கிறேன்.